கழுத்துக்குக் கீழே

சுவரில் இருந்த சிவப்பு எண் இருபத்தெட்டிலிருந்து இருபத்தொன்பதுக்கு மாறியது. குணசேகரன் கையிலிருந்த சீட்டில் நாற்பத்து மூன்று. ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தாலும் இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது, அதற்குள் கிடைத்துவிடும், கிடைக்காமல் எங்கே போய்விடும், போனில் பதினோராயிரத்துச் சொச்சம் படம் இருக்கிறது, அத்தனையிலும் ஒன்றே ஒன்று போதும், மனைவி தேன்மொழியின் வலது தாடை உள்ளது உள்ளபடி தெரிகிற ஒரு படம். திங்கட்கிழமையிலிருந்து தேடுகிறான். கடையில் சாப்பாட்டு வேளையில் டப்பாவைத் திறக்காமலேயே தேடினான், பெட்ரோல் போட வரிசையில் நின்றுகொண்டு தேடினான், பின்னால் நின்றவன் ஹாரன் அடித்துத் திட்டினான். இன்று வெள்ளிக்கிழமை. தள்ளித் தள்ளிக் கட்டைவிரல் நுனி மரத்துப்போயிருந்தது. பினாயில் வாசமும் யாரோ பிரித்த ஆரஞ்சுப் பழத்தின் வாசமும் கலந்து வந்தன. பக்கத்து நாற்காலியில் மனைவி கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கைப்பைக்குள் தண்ணீர் பாட்டில், பழைய மருந்துச் சீட்டுகள், அவனுக்குப் பசித்தால் என்று பிஸ்கட். யாருக்கு உடம்பு சரியில்லை, யாருக்கு பிஸ்கட். முப்பது என்று மாறியது. ஒரு கிழவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள், அவருக்கு ஐந்து நிமிடத்துக்கு மேலேயே ஆகும், ஆகட்டும், நிதானமாகப் பார்க்கட்டும், என்று நினைத்தவன் உடனே வெட்கப்பட்டான், பிறகு மறுபடியும் அதையே நினைத்தான்.

திங்கட்கிழமை அந்த டாக்டரம்மா அவனைப் பார்த்து ஒன்றும் கடுமையாகச் சொல்லிவிடவில்லை. சின்னப் பெண், மகள் யாழினியைவிட ஆறேழு வயது கூட இருக்கலாம், கைப்பிடி வைத்த பூதக்கண்ணாடி ஒன்றைத் தாடையில் வைத்துப் பார்த்தாள், விளக்கைப் போட்டுப் பார்த்தாள், அழுத்தி வலிக்கிறதா என்று கேட்டாள். அடுத்த வாரம் புதன்கிழமை கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பலாம், அதற்கு முன் ஒரு விஷயம் தெரிய வேண்டும் என்றாள். "எப்போலேர்ந்து இது பெருசாகுது?" தேன்மொழி வாயைத் திறக்குமுன் இவன் முந்திக்கொண்டான், எதற்கெடுத்தாலும் முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொள்வது அவன் பிறவிக் குணம். "போன தீபாவளிக்கு அப்புறம்தான் டாக்டர். நல்லா தெரியும்." எப்படி நன்றாகத் தெரியும்? ஆதாரம் கையிலேயே இருக்கிறதே. போனை எடுத்துத் தீபாவளிப் படத்தைக் காட்டினான், வாடாமல்லிப் புடவையில் தேன்மொழி, தாடை வழுவழுவென்று, ஒரு புள்ளி கிடையாது. டாக்டரம்மா வாங்கிப் பார்த்தாள், விரலால் பெரிதாக்கினாள், பிறகு தேன்மொழியின் மூக்கைப் பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்தாள். "சார், இதுல மேடத்தோட மூக்குத்தியே காணோமே" என்றாள். "நெத்திச் சுருக்கமும் இல்ல, உங்களுக்கும் இல்ல. ஃபில்டர் போட்டு எடுத்தது. ஃபில்டர் இல்லாதது ஏதாவது இருக்கும், தேடி வெள்ளிக்கிழமை கொண்டு வாங்க. இப்பதான் எல்லார் போன்லயும் ஆயிரக்கணக்குல போட்டோ இருக்கே." ஆமாம், இருக்கிறதே, என்று இவனும் சிரித்துக்கொண்டுதான் எழுந்து வந்தான். வீடு வந்து, செருப்பைக் கழற்றுமுன் தேட ஆரம்பித்தவன் போன வருஷம் முழுவதும் பார்த்து முடித்தபோது குக்கர் ஏழு விசில் விட்டிருந்தது.

முப்பத்து மூன்று. கொல்லிமலை, அருவிக்கு முன்னால், வழுவழு. சமயபுரம், பூச்சொரிதல், வெயிலில் எல்லோரும் வியர்த்து வழிந்த நாள், இவள் முகத்தில் மட்டும் ஒரு துளி வியர்வை இல்லை. யாழினி கல்லூரியில் சேர்ந்த நாள், அம்மாவும் மகளும் அக்கா தங்கை மாதிரி. அப்போது அதை எத்தனை பேரிடம் பெருமையாகச் சொன்னான். அந்த ஃபில்டர் ஆப்பைப் போட்டுக் கொடுத்தது யாழினிதான், ஆறு வருஷம் இருக்கும், புதுப் போன் வாங்கிய அன்று. "அப்பா, சும்மா கேமராவுல எடுக்காதீங்க, இதுல எடுங்க, அம்மா எப்படி இருக்காங்க பாருங்க." பார்த்தான். கல்யாணத்துக்கு முன்னால் பெண் பார்க்கப் போனபோது காப்பி கொண்டுவந்தவள் திரும்ப வந்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து வேறு எதிலும் எடுத்ததில்லை. எடுக்கும்போதெல்லாம் ஒரே பாட்டு, இங்க பாரு தேனு, இங்க பாரு. அவள் இங்கே பார்த்தாள். பார்த்த மறு நொடி அந்தப் பாழாய்ப்போன ஆப் அவள் முகத்தைக் கண்டுபிடித்து, மஞ்சளாய் ஒரு கட்டம் போட்டு, துடைத்து வைத்துவிட்டது. முகத்தைக் கண்டால்தான் துடைக்கும் என்பதை நேற்றுதான் புரிந்துகொண்டான். அப்படியானால் முகம் திரும்பியிருக்கிற படம் வேண்டும். பக்கவாட்டில், குனிந்து, கோலம் போட்டுக்கொண்டு, துணி மடித்துக்கொண்டு. அப்படி ஒன்றுகூட இல்லை. ஒருமுறை, ஒரே ஒருமுறை, அவள் பச்சைமிளகாய் கிள்ளிக்கொண்டிருந்ததைத் தெரியாமல் எடுத்தான், நன்றாக இல்லை என்று அவன்தான் அழித்தான். எந்தப் பக்கம் திரும்பியிருந்தாள் அதில்? வலமா, இடமா? அழித்த படத்தைத் திரும்ப எடுக்க வழி இருக்கிறதாம், முப்பது நாளைக்குள் என்றால். அது ஆகி நான்கு வருஷம்.

முப்பத்தைந்து. சரி, கிடைத்தால்தான் என்ன, கிடைக்காவிட்டால்தான் என்ன, அறுத்துப் பார்க்கத்தானே போகிறார்கள் என்று தனக்கே சொல்லிப் பார்த்தான். மனசு கேட்கவில்லை. வேகமாக வளர்ந்திருந்தால் கெட்டது என்று நெட்டில் போட்டிருந்தது. அதற்கு இரண்டு வரி கீழே, நெடுநாள் கவனிக்காமல் விட்டிருந்தாலும் கெட்டது என்று போட்டிருந்தது. அப்படியானால் அவன் எதற்காக வேண்டிக்கொள்வது? தீபாவளிக்கு அப்புறம் வந்ததாக இருக்கட்டும் என்றா, ரொம்ப நாளாக இருந்ததாக இருக்கட்டும் என்றா? எந்தக் கடவுளிடம் எந்தப் பதிலைக் கேட்பது என்றே தெரியாமல் ஒரு மனுஷன் எப்படி வேண்டிக்கொள்வான்? மூன்று வாரத்துக்கு முன்னால்தான் முதன்முதலாகப் பார்த்தான், அதுவும் தானாகப் பார்க்கவில்லை, ரத்தம் பார்க்க வைத்தது. பின்னால் உட்காருகிறவர்களும் ஹெல்மெட் போட வேண்டும் என்று போலீஸ் பிடித்துக்கொண்டிருந்த நேரம், தில்லைநகர் சிக்னலில் அவள் வாரை இறுக்கிப் பூட்டியபோது கொக்கி உரசி, இறங்கும்போது ரவிக்கைக் கழுத்தில் ஒரு சொட்டு. என்னடி இது என்று தாடையைத் திருப்பினான். புளியங்கொட்டை அளவுக்குக் கறுப்பாய், ஓரம் கிழிந்தாற்போல், ஒரு பக்கம் சிவந்து. "அது இருக்கு ரொம்ப நாளா" என்றாள். ரொம்ப நாள் என்றால் அவள் கணக்கில் நாலு மாசம் என்று இவனே முடிவு கட்டிக்கொண்டான். இருபத்து மூன்று வருஷம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு ஒரு புளியங்கொட்டை எப்படித் தப்பும்? கட்டிலில் அவள் வலப்பக்கம் படுப்பாள், சோபாவில் வலப்பக்கம், சினிமாவுக்குப் போனால் வலப்பக்கம், இதோ இங்கேயும் வலப்பக்கம். இவனுக்குத் தெரிவதெல்லாம் அவளுடைய இடது கன்னம்தான். முன்பு அப்படி இல்லையே. கல்யாணப் புதிதில் சுவரோரம் படுத்துக்கொள்வேன் என்று இடப்பக்கத்துக்குச் சண்டை போட்டவள் அவள். எப்போது மாறினாள்? கண்ணை மூடி அவள் முகத்தை நினைத்துப் பார்த்தான். கொல்லிமலை முகம்தான் வந்தது. வேறு முகத்தைக் கொண்டுவரப் பார்த்தான், வாடாமல்லிப் புடவை முகம் வந்தது. பக்கத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறவளை நினைத்துப் பார்க்கக்கூட அந்த ஆப்தான் குறுக்கே வந்து நின்றது.

முப்பத்தாறு, முப்பத்தேழு, அடுத்தடுத்து மாறின, யாரோ வரவில்லை போலிருக்கிறது. போன் கையில் அதிர்ந்தது. துறையூர் டீச்சர். அவன் வேலை பார்க்கிற புடவைக்கடையில் நான்கு வருஷமாக வாட்ஸப்பிலேயே புடவை எடுக்கிறவர். "சார், மூணு வருஷம் முன்னாடி ஒரு இலைப்பச்சை அனுப்பியிருந்தீங்க, அரக்கு பார்டர். அப்ப வேணாம்னுட்டேன். அதே மாதிரி இப்ப கெடைக்குமா? மகளுக்கு வளைகாப்பு." உயிர் போகிற நேரத்தில் இலைப்பச்சை. ஆனால் இருபது வருஷம் கவுண்டருக்குப் பின்னால் நின்ற கை, யார் எதைக் கேட்டாலும் எடுத்துப் போட்டே பழகிய கை, அவனைக் கேட்காமலேயே "ஒரு நிமிஷம் மேடம்" என்று அடித்துவிட்டு அந்த உரையாடலை மேலே தள்ள ஆரம்பித்தது. புடவைப் படங்கள் வேறு ரகம். அவற்றுக்கு இந்த ஆப் கிடையாது. தொடங்கின புதிதில் ஒரு மாம்பழ மஞ்சளை ஃபில்டரோடு எடுத்து அனுப்பி, எலுமிச்சை நிறத்தில் காட்டி, பார்சல் பிரித்தவர்கள் போன் போட்டுக் கிழித்ததிலிருந்து சும்மா கேமராதான், காலை எட்டு மணி வெளிச்சம்தான். கலர் அப்படியே வரும் மேடம், நான் ஃபில்டர் போடுறதே இல்ல, என்று எத்தனை பேரிடம் சத்தியம் செய்திருப்பான். கடைப் பொம்மையின் மேல் போட்டால் முந்தி மரக்கட்டையாக நிற்கும் என்று முதலாளியிடம் கேட்டு வாரம் நான்கு புடவையை வீட்டுக்கே கொண்டுவந்து, மாடி வராந்தாவில் தேன்மொழியை நிறுத்தி, நைட்டிக்கு மேலேயே சுற்றச் சொல்லி எடுப்பான். "என் மூஞ்சி வேணாம்" என்பாள். "மூஞ்சிய யாருடி கேட்டா, புடவைதான் வேணும்" என்பான். தலையை விட்டுவிட்டு, உதட்டுக்குக் கீழே இருந்து கால்வரை. வாரம் நான்கு, வருஷத்துக்கு இருநூறு. அந்த இருநூறும் அவளுடைய படம் என்று நான்கு நாளாக அவனுக்குத் தோன்றவேயில்லை. தலை இல்லாததை யாராவது பெண்டாட்டி படம் என்று நினைப்பார்களா?

இலைப்பச்சை வந்தது. அரக்கு பார்டர், ஜரிகை காலை வெயிலில் மின்னிக்கொண்டு. பார்டரைப் பெரிதாக்கப் போன விரல் நின்றது. மேலே, படத்தின் விளிம்பில், தாடை. வலது தாடை. அதன் ஓரத்தில், காதுக்கு ஒரு விரற்கடை இப்பால், துவரம்பருப்பு அளவுக்குக் கறுப்பாய். தேதியைப் பார்த்தான். தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால். தீபாவளிதான், அவன் சொன்னது சரிதான், ஆனால் மூன்று தீபாவளிக்கு முந்தைய தீபாவளி. இன்னும் மேலே தள்ளினான். ஆவணி, மயில்கழுத்து நிறம், கொஞ்சம் சிறியதாய். ஆடி, கத்திரிப்பூ நிறம், ஒரு மிளகு. அந்த வருஷத் தைப்பொங்கல், சந்தன நிறம், ஒன்றுமில்லை, உண்மையாகவே ஒன்றுமில்லை, மயிர்க்கால்கூடத் தெரிகிற அசல் தோல். டாக்டரம்மா கேட்டது அத்தனையும் அச்சடித்த மாதிரி தேதி போட்டு இருந்தது. எடுத்தவன் அவன். பார்டர் சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொரு படத்தையும் இப்படித்தான் பெரிதாக்கி, ஒரு நூல் பிரிந்திருந்தால்கூடக் கண்டுபிடித்து, அப்புறம்தான் ஊர் முழுக்க அனுப்பியிருக்கிறான். கிடைத்துவிட்டது என்று கத்த வாய் வந்தது. ஆனால் கண் கீழே போய்விட்டது. இலைப்பச்சைக்குக் கீழே டீச்சர் எழுதியிருந்தார்: "புடவை நல்லாருக்கு சார். மேல கழுத்துக்கிட்ட ஏதோ கறை மாதிரி தெரியுதே?" அதற்குக் கீழே அவன் பதில்: "கறை இல்ல மேடம், கட்டியிருக்கவங்க மச்சம். புடவை புது பீஸ்." கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மை இரண்டு. அதற்குக் கீழே டீச்சர்: "ஓ சாரி சார். பெரிய மச்சமா இருக்கே." அதற்குப் பதில் இல்லை. அடுத்த புடவையை அனுப்பியிருந்தான். தக்காளிச் சிவப்பு. கழுத்துக்குக் கீழே வெட்டியது. அதற்கடுத்தது, அதற்கடுத்தது, இந்த வாரம் வரை எல்லாமே கழுத்துக்குக் கீழே. கறை என்று இன்னொருத்தர் கேட்டுவிடக் கூடாதே என்று அன்றே வெட்டியவன் அதோடு மறந்தும் போனான். துறையூரில் இருக்கிற ஒரு டீச்சர், தேன்மொழியின் பெயர்கூடத் தெரியாதவர், அவள் தாடையைப் பார்த்திருக்கிறார்.

நாற்பது. என்ன செய்வது, என்ன செய்வது இப்போது? படத்தைக் காட்டத்தான் வேண்டும், ஆனால் உரையாடலை எதற்குக் காட்ட வேண்டும்? மூன்று படத்தைத் தனியாக எடுத்துக் காட்டினால் போதாதா, இந்தப் பதிலை யாரும் பார்க்க வேண்டியதில்லையே. அல்லது எதுவுமே கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டால்? பாதிப் பேர் அப்படித்தான் சொல்வார்கள், டாக்டர்களுக்கு அது பழகியிருக்கும், தலையை ஆட்டிவிட்டு அறுக்கிற வேலையைப் பார்ப்பார்கள். மூன்று வருஷம் என்று எழுதினால் அந்தச் சின்னப் பெண் அவனை நிமிர்ந்து பார்ப்பாள், அந்தப் பார்வையைத் தாங்க அவனிடம் ஒன்றுமில்லை. தன் பதிலின் மேல் விரலை அழுத்திப் பிடித்தான். குப்பைத்தொட்டிப் படம் மேலே வந்தது. தொட்டால் போதும், சிரிக்கிற பொம்மை இரண்டும் போய்விடும். போனால் என்ன ஆகும், நடந்தது நடக்காததாக ஆகிவிடுமா? ஆகாது. ஆனாலும் தொட வேண்டும் போலிருந்தது. நாற்பத்தொன்று. எதிரே ஒரு பெண் தன் காய்ச்சல்காரக் குழந்தையின் தலைக்கு மேல் போனைப் பிடித்து அதைச் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் போனைப் பிடுங்கி வீச வேண்டும் போல அவனுக்கு ஆத்திரம் வந்தது. யார்மேல் ஆத்திரம்?

"கெடச்சுதாங்க?" என்றாள் தேன்மொழி. போனைத் தொடையில் கவிழ்த்தான். "இல்ல, இன்னும் இல்ல." அவள் கை நீட்டினாள். "காட்டுங்க, நானும் பாக்குறேன்." இருபத்து மூன்று வருஷத்தில் அவள் அவன் போனைக் கேட்டு வாங்கியதில்லை. அவன் பிடி தளர்ந்தது, அவள் எடுத்துக்கொண்டாள். கண்ணாடி போடாமல் போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "இந்தப் பச்சைப் புடவையா" என்றாள், பழைய ஆளை அடையாளம் கண்டதுபோல. "இதுக்கு அடுத்த வாரத்துலேர்ந்துதான் நீங்க கழுத்துக்குக் கீழ எடுக்க ஆரம்பிச்சீங்க." அவன் அவள் பக்கம் திரும்பினான். "நான் ஒண்ணும் கேக்கல. பாத்துட்டாரு, பாக்கப் புடிக்கல, சொல்ல மனசு வரலன்னு நெனச்சுக்கிட்டேன். அதான் அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியாத மாதிரியே உக்காந்துக்கிட்டேன். போட்டோன்னாலும் அந்த ஆப்லயே எடுங்கன்னேன், அதுல தெரியாதுல்ல." சீட்டுக் கிழிக்கிற பெண் நாற்பத்து மூன்று, நாற்பத்து மூன்று என்று இரண்டு முறை கூப்பிட்டாள். அவன் எழுந்திருக்கவில்லை. "நான் பாக்கவே இல்ல தேனு. சத்தியமா பாக்கல." தேன்மொழி திரையை அவன் பக்கம் திருப்பி, கோபம் இல்லாமல், புரியாததைக் கேட்கிற குரலில் சொன்னாள். "மச்சம்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க."

உள்ளே டாக்டரம்மா போனை வாங்கிக்கொண்டாள். உரையாடல் அப்படியே திறந்திருந்தது, அழிக்கவில்லை. தையிலிருந்து ஐப்பசி வரை தேதிகளை ஒரு தாளில் குறித்தாள், இலைப்பச்சைக்கு வந்ததும் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள், கீழே இருந்ததையும் படித்திருப்பாள். "இது ரொம்ப உதவி சார்" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு அவனுக்கு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. நல்லதா கெட்டதா என்று கேட்டான், புதன்கிழமைக்குப் பிறகுதான் சொல்ல முடியும் என்றாள். "இன்னிக்கு ஒண்ணு எடுத்து வெச்சுக்கலாம். உங்க போன்லயே எடுங்க, தேதியோட இருக்கும்." சின்ன அளவுகோல் ஒன்றை மச்சத்தை ஒட்டிப் பிடித்தாள். அவன் போனைத் திரும்ப வாங்கி உயர்த்தினான். கை, பழக்கத்தில், அந்த ஆப்பைத் திறந்திருந்தது. தேன்மொழியும் பழக்கத்தில் கேமராவைப் பார்த்து முகத்தைத் திருப்பி, லேசாகச் சிரித்தாள். மஞ்சள் கட்டம் வந்து அவள் முகத்தைப் பிடித்தது. திரையில் டாக்டரம்மாவின் விரல் தெரிந்தது, அளவுகோல் தெரிந்தது, கோடுகள் தெரிந்தன, அளக்க ஒன்றும் இல்லாத வழுவழுப்பான தாடை தெரிந்தது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, குணசேகரனுக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு போனை இறக்கிவிட்டு, "இங்க பாக்காத தேனு" என்றான்.